ஊரிகே வந்தவர்

எங்கள் ஜீப்பின் பின்பக்கம் ஒரே ஒரு வார்த்தைதான் எழுதியிருந்தது. மற்ற ஜீப்காரர்கள் சாமி பேர், பிள்ளைகள் பேர், பொறாமைப்படாதே என்று என்னென்னவோ எழுதிவைப்பார்கள். என் வீட்டுக்காரர் ‘ஊரிகே’ என்று எழுதச் சொன்னார். இடது பக்கம் தெலுங்கு எழுத்து, வலது பக்கம் தமிழ் எழுத்து. “இன்னாண்ணா இது, கடை பேரா?” என்று பெயிண்டர் கேட்டானாம். “இல்லப்பா, எம் பொண்டாட்டி வாங்கின பட்டம்” என்றாராம் இவர்.

திருச்சானூரில் தாயாரைக் கும்பிட்டுவிட்டுக் காளஸ்திக்கும் காணிப்பாக்கத்துக்கும் போகிற யாத்திரைக்காரர்கள்தான் எங்கள் ஜீப்பில் ஏறுவார்கள். அவர்களும் கேட்பார்கள். அன்றைக்கு அவருக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்லுவார். ஒருவரிடம் அது ஒரு மூலிகைப் பேர் என்றாராம். இன்னொருவரிடம் குவைத்தில் ஷேக்கு எனக்கு வைத்த பேர் என்றாராம்.

போன வருஷம் மாம்பழ சீசன் முடிகிற நேரம், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷம் அவரை நினைத்து நான் பயப்படாத பயம் இல்லை. லாரி கவிழும், கப்பல் கவிழும், பாலம் உடையும், போலீஸ் பிடிக்கும். எதற்கெல்லாமோ பயந்தேனே தவிர, தலையணையில் தலை வைத்துப் படுத்திருப்பவரை நினைத்துப் பயப்பட எனக்குத் தோன்றவே இல்லை. பயப்பட நேரமும் கொடுக்கவில்லை மனுஷன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் அழுதுகொண்டு வந்து சிரித்துக்கொண்டு போனார்கள். சொர்ணமுகியில் தண்ணீர் வந்த அன்றைக்கு, பிரசவ வலியில் துடித்த தன் பெண்ணை இவர் ஆற்று மணலில் ஜீப்பை இறக்கி அக்கரை சேர்த்ததை ஒரு தெலுங்கு அம்மா சொன்னார். பக்கத்தில் நின்ற பையனைக் காட்டி, “வீடே” என்றார். இவன்தான் அது. மீசை முளைத்திருந்தது அவனுக்கு. எல்லாரும் கடைசியில் ஊரிகே கதைக்கு வந்தார்கள். ஆனால் ஆளுக்கு ஒரு மாதிரி சொன்னார்கள். நான் ஏரோப்ளேன் பின்னாலேயே ஓடினேன் என்று கூட ஒருத்தர் சொன்னார். அதனால்தான் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் ஏழாவதோடு நின்றவள். ஆந்திராவுக்குள் இருக்கிற எங்கள் தமிழ் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவ்வளவுதான் இருந்தது. எட்டாவதுக்குப் புத்தூருக்கு பஸ் ஏற வேண்டும். எனக்குக் கிடைத்த இடமும் தெலுங்கு மீடியம். தெலுங்கு புரியாமல் போனால் வாத்தியார் அடிப்பாரே என்று ஒரு பயம், பஸ் பிரேக் பிடிக்காமல் போனால் என்னாவது என்று ஒரு பயம். மாட்டேன் என்று அழுதேன். பெண் பிள்ளை, சரி விடு என்று விட்டுவிட்டார்கள். பஸ்ஸுக்குப் பயந்து படிப்பை விட்டவளைக் கொண்டுபோய் ஒரு லாரி டிரைவருக்குக் கட்டி வைத்தார்கள்.

அவருக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. எங்கள் மாமனார் வீட்டுக்குக் கரும்பும் வேர்க்கடலையும் போடுகிற அளவுக்கு நிலம் இருந்தது. இவர் மட்டும் சித்தூர் மண்டியிலிருந்து வடக்கே மாங்காய் லோடு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். போனால் நேர் வழியில் திரும்ப மாட்டார். “அந்தாண்ட ஒரு கோட்டை கீதாமே, பாத்துட்டு வந்தேன்” என்பார். “அந்த ஊர்ல ஆத்துக்கு அடியிலயே ரோடு போட்டுகினு கீறானுங்க” என்பார். போகிற ஆள் போகட்டும் என்று இருக்க என்னால் முடியாது. அவர் லோடு ஏற்றிய அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்காது.

“உன் பயத்த எடுத்து ரேடியேட்டர்ல ஊத்தினா என் வண்டி சூடே ஆவாது மே” என்பார்.

“நீ எமன் வூட்டுக்கே வழி கேட்டுகினு போற ஆளு. உனுக்கு இன்னா தெரியும்” என்பேன் நான்.

“அப்ப நீயும் வா. பக்கத்துல உக்காந்து பயப்படு. அங்க இருந்துகினு பயந்தா எனுக்கு எப்டித் தெரியும்?”

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். பெரியவள் கைக்குழந்தையாக இருந்தபோது, என்னையும் அவளையும் நாக்பூர் லோடில் நிஜமாகவே ஏற்றிவிட்டார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியில் என் பழைய புடவையால் தூளி கட்டினார். வளைவு வந்தால் தூளி தானாக ஆடும். தாலாட்டே தேவைப்படவில்லை. பின்னால் வைக்கோலில் பேனிஷா மாம்பழம் பழுத்துக்கொண்டு வந்தது. வண்டி முழுக்க அந்த வாசனை. ஒரு செக்போஸ்டில் ஆபீசர் உள்ளே எட்டிப் பார்த்து, தூளியைக் காட்டி “ஏமிதி?” என்று அதட்டினார். இவர் விரலை வாயில் வைத்து, “மா ஓனரம்மா சார். நித்ரபோத்துந்தி” என்றார். எங்கள் முதலாளியம்மா தூங்குகிறாள் என்று. ஆபீசர் சிரித்துவிட்டுக் கையாலேயே போ போ என்று காட்டினார்.

கோதாவரிப் பாலத்தைத் தாண்டி வண்டியை ஓரமாக நிறுத்திக் குழந்தையின் காலைத் தண்ணீரில் நனைத்தார். பாலத்தில் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு இருந்தவள் நான். கரையில் நின்று திறந்து பார்த்தேன். எவ்வளவு தண்ணீர்! அவர் மட்டும் இல்லாவிட்டால் எனக்கு எங்கள் ஊர் ஏரிதான் உலகம்.

பெரியவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, சின்னவனும் பிறந்த சமயத்தில், எங்கள் பக்கத்தில் குவைத் பேச்சு அதிகமாக இருந்தது. ராஜம்பேட்டை, கடப்பா பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் போய்க்கொண்டிருந்தார்கள். போனவர்கள் வீட்டில் ஓலை இறங்கி மாடி ஏறியது. எங்கள் வீட்டிலும் மழை வந்தால் பாத்திரம் வைக்காத மூலை இல்லை. ஆனால் அவர் போனது மாடிக்காக மட்டும் இல்லை. எனக்குத் தெரியும். “கடல் மேல பறக்கற வண்டியில ஒரு தபா உக்காந்துட்டு வந்துடறேன் மே. ரெண்டே வருஷம்” என்றார். கண்ணில் அந்த வெளிச்சம் வந்துவிட்டால் அவரை யாராலும் நிறுத்த முடியாது. சின்னவன் அப்போது குப்புற விழுந்துகொண்டிருந்தான்.

அங்கே ஒரு பெரிய வீட்டுக்கு டிரைவர். வெள்ளிக்கிழமை லீவு. அதனால் வெள்ளிக்கிழமை தோறும் மெயின் ரோட்டு எஸ்டிடி பூத்துக்கு போன் வரும். பூத்துக்காரரும் அவர் சம்சாரமும் தெலுங்குக்காரர்கள், நல்ல மாதிரி. நாங்கள் எல்லாரும் குளித்து முழுகிப் போய் வரிசையாக நிற்போம். என் மாமியார் முதலில் வாங்கி, “இன்னா துன்னே?” என்று மட்டும் கேட்பார். பதில் வந்ததும் என்னிடம் கொடுத்துவிடுவார். அவருக்கு அது போதும். பெரியவள், “நைனா, ஒட்டகம் பாத்தியா?” என்பாள். சின்னவனுக்கு நைனா என்றால் அந்த ரிசீவர்தான். வீட்டில் டம்ளரைக் காதில் வைத்துக்கொண்டு நைனா நைனா என்று சுற்றுவான்.

வெள்ளிக்கிழமை தவிர வேறு நாளில் அவர் போன் செய்ததே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தெருவில் உட்கார்ந்து, பிடுங்கிப் போட்ட செடியிலிருந்து வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்தேன். பூத்துக்காரர் சம்சாரம் யாருடைய மொபட்டிலோ பின்னால் உட்கார்ந்து மாவு மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தார். மடியில் அரிசித் தூக்கு. வண்டியை நிறுத்தாமலே கத்தினார்.

“ஏமம்மே! மீ ஆயன போன் ஒச்சிந்தி! ஊரிகேனண்ட்டா! மள்ளா சுக்கரவாரம் ஒஸ்துந்தண்ட்டா!”

நான் திருப்பிக் கேட்பதற்குள் மொபட் போய்விட்டது.

என் தெலுங்கு சந்தைத் தெலுங்கு. கத்தரிக்காய் பேரம் பேசுவேன், கண்டக்டரிடம் சண்டை போடுவேன். அதற்கு மேல் தெரியாது. அந்த அம்மா சொன்னது இதுதான்: உன் வீட்டுக்காரர் போன் வந்தது, சும்மாதான் செய்தாராம், மறுபடி வெள்ளிக்கிழமை வருமாம். தெலுங்கில் ஊரிகே என்றால் சும்மா, காரணமில்லாமல். என் காதில் விழுந்தது வேறு. ஆயன, ஊருக்கே, வெள்ளிக்கிழமை, வருவார்.

அந்த ‘கே’தான் என்னைக் கவிழ்த்தது. ஊருக்கு வருகிறார் என்றால் லீவு. ஊருக்கே வருகிறார் என்றால் ஒரேயடியாக வருகிறார் என்று அர்த்தம். ரெண்டு வருஷம் முடியவில்லையே, ஏன் ஒரேயடியாக வருகிறார்? கை போச்சோ, கால் போச்சோ. எவனையாவது இடித்துவிட்டாரோ. ஜெயிலில் போட்டுத் துரத்திவிட்டார்களோ. ஒரு கண்ணில் சந்தோஷம், ஒரு கண்ணில் பயம். வேர்க்கடலைக் குவியலில் அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

மாமியார் ஓடி வந்தார். சொன்னேன். “புருஷன் வரான்னு அழுவுற பொம்பளய இப்பத்தான் பாக்கறேன். எழுந்திரு, வூட்ட மொழுவு” என்றார்.

யாரும் விசாரிக்கவில்லையா என்று கேட்பீர்கள். விசாரித்தோமே! என் கொழுந்தனாரை அனுப்பினேன். அவர் பூத்துக்குப் போய், “அண்ணன் ஊருக்கேவா சொன்னாரு?” என்று கேட்டிருக்கிறார். பூத்துக்காரர் கடையில் கூட்டம், நிமிர்ந்தும் பார்க்காமல், “அவுனப்பா, ஊரிகேனே” என்றாராம். ஆமாம்ப்பா, சும்மாதான் என்று அவர் சொன்னது. ஆமாம்ப்பா, ஊருக்கேதான் என்று இவர் கேட்டுக்கொண்டு வந்தார். இதற்கு மேல் என்ன உறுதி வேண்டும்?

வெள்ளிக்கிழமைக்குள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. ஒரு வேன் பேசி, புளிச்சோறு கட்டிக்கொண்டு, தெருவில் பாதிப்பேர் மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்குப் போனோம். பெரியவளுக்குப் புதுப் பாவாடை, சின்னவனுக்குப் புதுச் சட்டை. கம்பித் தடுப்புக்கு வெளியே நின்றோம். கதவு திறக்கும், ஆட்கள் தள்ளுவண்டியில் கம்பளியும் டேப்ரிக்கார்டர் பெட்டியும் தள்ளிக்கொண்டு வருவார்கள். தூரத்தில் பார்த்தால் எல்லாருக்கும் அவர் மீசைதான். கிட்டே வந்தால் யாருக்கும் அவர் மூஞ்சி இல்லை.

சின்னவன் என் இடுப்பிலிருந்து வழிந்து இறங்கிவிட்டான். வருகிற தள்ளுவண்டியை எல்லாம் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு, தள்ளுகிற ஆளை நிமிர்ந்து பார்த்து, “நைனா?” என்பான். இல்லை என்றதும் விட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போவான். ஒருத்தர் சாக்லெட் கொடுத்தார். ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். அவருக்கும் இந்த வயசில் வீட்டில் ஒன்று இருந்ததோ என்னவோ.

கடைசிப் பெட்டியும் வெளியே வந்த பிறகு ஊர் திரும்பினோம். நான் மனசுக்குள் அவரைக் கடலில் விழவைத்து, காணாமல் போகவைத்து, வழி முழுக்க என்னென்னவோ செய்துகொண்டு வந்தேன். மெயின் ரோட்டில் பூத்துக்காரர் சம்சாரம் இரண்டு கையையும் விரித்து வேனை மறித்தார். “எக்கட போயினாரம்மா அந்தரு? ஆயன போன் சேசி சேசி…” எல்லாரும் எங்கே போனீர்கள், அவர் போன் மேல் போன் செய்கிறார் என்று. மெட்ராஸுக்கு என்றோம். ஏன் என்றார். நீங்கள்தானே ஊருக்கே என்று சொன்னீர்கள் என்றேன். ஒரு நிமிஷம் என் மூஞ்சியைப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு, “அய்யோ, ஊரிகே அன்ட்டே சும்மாம்மா! சும்மா!” என்றார்.

வேனில் ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், அடங்கவே இல்லை. மாமியார் சிரித்ததில் வெற்றிலை புரை ஏறிவிட்டது. கொழுந்தனார் மட்டும் வேனை விட்டு இறங்கவில்லை. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய், புதுச் சுண்ணாம்புச் சுவரில் முதுகு ஒட்ட உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். ஆனால் அவர் கை கால் நன்றாக இருக்கிறதே என்ற நிம்மதியும் அந்த அழுகையில் இருந்தது.

மறு வெள்ளிக்கிழமை போன் வந்தது.

“இன்னா மே, மெட்ராஸ் வரைக்கும் சும்மா போயிட்டு வந்தியாமே?”

“சும்மாதான். ஊரிகே” என்றேன்.

அங்கிருந்து சிரித்தார், ரொம்ப நேரம். பிறகு, “சின்னவன் இன்னா பண்ணான்?” என்று கேட்டார். தள்ளுவண்டியைப் பிடித்ததைச் சொன்னேன். ஹலோ ஹலோ என்றேன். லைன் இருந்தது, மூச்சு கேட்டது. “சரி, வெக்கறேன்” என்றார்.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை வந்தது, போன் வரவில்லை. இன்னொரு வெள்ளிக்கிழமையும் வரவில்லை. நான் எப்படி இருந்திருப்பேன் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். வேண்டாத சாமி இல்லை. பூத் வாசலை விட்டு நான் நகரவே இல்லை. அந்த அம்மாவே காபி கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்.

ஒரு நாள் பம்பில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது. ரேணிகுண்டாவில் பம்பாய் ரயிலை விட்டு இறங்கி, பஸ் மாறி வந்தவர், சக்கரம் வைத்த பெரிய பெட்டியைத் தெருப் புழுதியில் கடகடவென்று இழுத்துக்கொண்டு வந்து என் எதிரில் நிறுத்தினார். நான் எழுந்து முதலில் அவர் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“எல்லாம் கீது மே. எண்ணிப் பாத்துக்கோ.”

“இன்னாத்துக்கு மாமா வந்துட்டே? இன்னா ஆச்சி?”

“ஊரிகே.”

“தெலுங்குல சொல்றியா, தமிழ்ல சொல்றியா?”

அவர் சிரித்தார். அதற்குள் மாமியார் வந்து, “இன்னா துன்னே?” என்று கேட்டு உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டார். சின்னவன் அவரை நம்பவில்லை. டம்ளரைக் கொண்டுவந்து அவர் வாயில் வைத்து, இன்னொரு டம்ளரைத் தன் காதில் வைத்துக்கொண்டான். அவர் டம்ளருக்குள், “டேய், நைனா பேசறன்டா” என்றார். அப்போதுதான் மடியில் ஏறினான்.

நாலைந்து நாள் கழித்து அவரே ஆரம்பித்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை போன் சும்மா செய்த போன் இல்லையாம். பாலைவனத்தில் தேசம் விட்டுத் தேசம் போகிற பெரிய டிரெய்லர் ஓட்ட ஆள் எடுத்தார்களாம். பதினெட்டுச் சக்கரம். இன்னும் சில வருஷம் அங்கேயே இருக்க வேண்டும். என்னைக் கேட்கலாம் என்று நம்பர் போட்டிருக்கிறார். பூத்து அம்மா எடுத்து, கூப்பிடட்டுமா, என்ன விஷயம் என்றதும், வாய் வராமல், “ஊரிகே” என்று சொல்லி வைத்துவிட்டாராம். எதற்கும் பயப்படாத மனுஷன் என்னைக் கேட்கப் பயந்திருக்கிறார்.

“பதினெட்டுச் சக்கரமா?” என்றேன்.

“ஆமா மே. ராத்திரி பகலா மணலு. நட்சத்திரம் பாத்துகினு ஓட்டணுமாம்.” கண்ணில் அந்த வெளிச்சம் இருந்தது.

இது தெலுங்கு ஊரிகேதான், சும்மா பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன். பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், “எப்ப மறுபடி?” என்று கேட்டார்கள். “பாப்பம்” என்பார். வீடு பெருக்கும்போது துடைப்பத்தால் அந்தப் பெட்டியைத் தட்டிப் பார்ப்பேன், உள்ளே ஏதாவது அடுக்கியிருக்கிறதா என்று. கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு நான் இளைத்தவளா என்ன?

ஒரு காலையில் நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பினேன். பெட்டி வாசலில் திறந்து கிடந்தது. அவர் குனிந்து உள்ளே எதையோ அடுக்கிக்கொண்டிருந்தார். குடம் என் இடுப்பிலேயே நழுவி, பாதித் தண்ணீர் புடவையில் இறங்கியது. சரி, போகட்டும், நல்லபடியாக வழியனுப்புவோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு கிட்டே போனேன்.

வைக்கோல் அடுக்கிக்கொண்டிருந்தார். வைக்கோல் மேல் முட்டைகள். எங்கள் கறுப்புக் கோழி நாலு நாளாக அடைக்குக் கேறிக்கொண்டிருந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கி, பெட்டியில் பதமாக உட்கார வைத்தார். அது ஒரு தரம் சிலிர்த்துக்கொண்டு முட்டைகளை வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டது.

“அயே, அந்தப் பொட்டியிலயா வெக்கறே?” என்றேன்.

“சக்கரம் கீதுல்ல? வெயில் வந்தா நெழலுக்குத் தள்ளிக்கலாம்.”

“நீ போவும்போது பொட்டிக்கு இன்னா பண்ணுவே?”

“கோழி உக்காந்துகினு கீது மே. அத எப்டி எழுப்பறது?” என்றார்.

சின்னவன் ஓடி வந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். கோழி அவன் விரலில் ஒரு கொத்து கொத்தியது. அவன் விடவில்லை.